மூன்றைக் கொடுத்தால் ஆறு: சர்வசமத்துக்கு அப்புறம் வரும் அந்த ஒற்றை வரி

முக்கோணச் சர்வசமம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப என்ற நான்கு பெயர்கள்தான் (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம், செ-க-ப என்றால் செங்கோணம்-கர்ணம்-பக்கம்). அவற்றை மனப்பாடம் செய்வதிலும், ஒரு கணக்கில் எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதிலும் முழு நேரமும் போய்விடுகிறது. 'ஆகவே இரு முக்கோணங்களும் சர்வசமம்' என்று எழுதியதும் வேலை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'இந்த இரண்டு பக்கங்கள் சமம் எனக் காட்டுக', 'இந்த இரண்டு கோணங்கள் சமம் எனக் காட்டுக' என்றுதான் இருக்கும். சர்வசமம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி. கேட்டது அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது: சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் சமம், ஒத்த கோணங்கள் சமம்.

இந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் பள்ளி வடிவியலின் பாதி இதன் மேல்தான் நிற்கிறது, ஆனால் பாடத்தில் இதற்குக் கிடைப்பது ஒரு அடைப்புக்குறிக்குள் எழுதும் காரணம் மட்டும்தான்.

முதலில் அடிப்படை. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்றால் ஒன்றை எடுத்து, தேவைப்பட்டால் திருப்பிப் போட்டு, மற்றொன்றின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும், ஆக மொத்தம் ஆறு சமன்பாடுகள். எனவே ஒத்த பாகங்கள் சமம் என்பதற்குத் தனியாக எந்த நிரூபணமும் தேவையில்லை, சர்வசமம் என்பதன் பொருளே அதுதான். நிரூபிக்க வேண்டியது வேறு ஒன்று: இந்த ஆறில் சரியான மூன்று தெரிந்தாலே போதும், மீதி மூன்றும் தாமாக வந்துவிடும் என்பது. ப-கோ-ப முதலானவை சொல்வது இதைத்தான். மூன்று தகவல்களைக் கொடுக்கிறோம், ஆறு கிடைக்கின்றன. அந்தப் புதிய மூன்றுதான் லாபம், அதை எடுத்துக்கொள்ளாமல் பாதியில் நிறுத்துவதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

சரி, 'ஒத்த' என்றால் எதற்கு எது ஒத்தது? இங்கேதான் எழுத்துகளின் வரிசை வருகிறது. கசட ≅ தபம (≅ என்பது சர்வசமத்தின் குறி) என்று எழுதினால் க-வுக்கு த, ச-வுக்கு ப, ட-வுக்கு ம என்று ஜோடி சேர்த்துவிட்டோம் என்று பொருள். படத்தைப் பார்க்காமலேயே கச = தப, சட = பம, கட = தம என்று சொல்லிவிடலாம். கோணங்களும் அதே வரிசைதான். இதையே கசட ≅ பதம என்று எழுதினால் அது முற்றிலும் வேறொரு கூற்று, பெரும்பாலும் பொய்யான கூற்று. வரிசையைச் சரியாக எழுதிய ஒருவர் அடுத்து வரும் ஆறு சமன்பாடுகளையும் படத்தைத் திரும்பப் பார்க்காமல் படித்துவிடலாம், வரிசையைக் கவனிக்காதவர் ஒவ்வொரு முறையும் படத்துக்குள் போய்த் தேட வேண்டும், அதுவும் ஒன்றின் மேல் ஒன்று விழும் முக்கோணங்களாக இருந்தால் நிச்சயம் குழம்பும். நான் யாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் வற்புறுத்துவது இதைத்தான்: காரணத்தை எழுதுவதற்கு முன் மூன்று ஜோடி முனைகளை ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜோடி சேர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18. இன்னொன்றின் பக்கங்கள் 12, 18, 27. இரண்டாவது, முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே அவை வடிவொத்தவை, மூன்று கோணங்களும் சமம். அதோடு 12 இரண்டிலும் இருக்கிறது, 18-உம் இரண்டிலும் இருக்கிறது. ஆறு பாகங்களில் ஐந்து சமமாக இருந்தும் இவை சர்வசமம் ஆகாது! முதல் முக்கோணத்தில் 12 நடுப் பக்கம், இரண்டாவதில் அதுவே சிறிய பக்கம். அளவுகள் சமம்தான், ஆனால் அவை ஒத்த இடங்களில் இல்லை. கோ-ப-கோ எழுதும்போது அந்தப் பக்கம் இரு முக்கோணங்களிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

இனி ஒரு எளிய கணக்கு. கச, தப என்ற இரண்டு கோட்டுத்துண்டுகள் ம என்ற புள்ளியில் ஒன்றையொன்று இருசமக் கூறிடுகின்றன. கத-வும் சப-வும் சமம் எனக் காட்ட வேண்டும். கம = மச, தம = மப என்பவை கொடுத்தவை. ம-வில் எதிரெதிரே உள்ள கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே சமம். ப-கோ-ப. எனவே கதம ≅ சபம. கேட்டது கத = சப, வந்துவிட்டது.

ஆனால் இங்கேயே நிற்க வேண்டாம். பைக்குள் இன்னும் இரண்டு சமன்பாடுகள் மிச்சம் இருக்கின்றன. க-வில் உள்ள கோணம் ச-வில் உள்ள கோணத்துக்குச் சமம். கச என்ற கோட்டை ஒரு குறுக்குவெட்டியாகப் பார்த்தால் அவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள், அதனால் கத-வும் சப-வும் இணை. நீளம் சமம், திசையும் இணை, ஆகவே கதசப ஓர் இணைகரம். சமத்தைப் பற்றிய ஒரே ஒரு சர்வசமத்திலிருந்து இணைகோடுகள் வந்துவிட்டன! பக்கங்களைக் கொடுத்துக் கோணத்தை வாங்குவது, அந்தக் கோணத்தைக் கொடுத்து இணையை வாங்குவது என்ற இந்தச் சங்கிலிதான் வடிவியலில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

எந்த முக்கோணங்களை எடுப்பது என்று தெரியவில்லை என்பதுதான் அடிக்கடி கேட்கும் புலம்பல். அதற்கு விதி என்று ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பழக்கம் இருக்கிறது: முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சமம் என்று காட்ட வேண்டிய இரண்டு பக்கங்கள் எவை? ஒன்று எந்தெந்த முக்கோணங்களில் பக்கமாக இருக்கிறது, மற்றொன்று எவற்றில் இருக்கிறது? அந்தப் பட்டியலில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஜோடியை எடுங்கள். அப்புறம்தான் கொடுத்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எந்த முக்கோணத்திலும் அந்தப் பக்கங்கள் இல்லை என்றால் முக்கோணமே இன்னும் பிறக்கவில்லை, ஒரு கோடு வரைய வேண்டும் என்று பொருள்.

இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பது அப்படிப்பட்டதுதான். கொடுத்தது எதிர்ப்பக்கங்கள் இணை என்பது மட்டும், படத்தில் ஒரு முக்கோணம்கூட இல்லை. மூலைவிட்டம் ஒன்றை வரைந்ததும் இரண்டு கிடைக்கின்றன. ஒரு ஜோடி இணைகோடுகள் ஒரு ஜோடி ஒன்றுவிட்ட கோணங்களைத் தருகின்றன, மற்ற ஜோடி இன்னொன்றைத் தருகிறது, மூலைவிட்டம் இரண்டுக்கும் பொதுப் பக்கம். கோ-ப-கோ. எதிர்ப்பக்கங்கள் சமம், எதிர்க்கோணங்கள் சமம். இதற்கு அடுத்தது மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்பது. அதற்கு இன்னொரு மூலைவிட்டத்தையும் வரைந்து, எதிரெதிரே உள்ள சிறு முக்கோணங்களை எடுத்து, மறுபடி கோ-ப-கோ. ஆனால் இந்த முறை அந்த 'ப' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பது இப்போதுதான், முதல் சர்வசமத்திலிருந்து கிடைத்தது. முதல் படியின் லாபம் இரண்டாம் படியின் முதலீடு. இரண்டு படிகள் வேண்டிய எல்லாக் கணக்குகளும் இந்த அமைப்பில்தான் இருக்கும்.

'பொதுப் பக்கம்' என்பது ஏதோ சும்மா கிடைத்தது என்பதால் பலர் அதை எழுதாமலேயே விட்டுவிடுகிறார்கள். எழுதுங்கள். ஒரு கோட்டுத்துண்டு தனக்குத்தானே சமம் என்பது அற்பமாகத் தெரியலாம், ஆனால் மேலே சொன்ன இணைகர நிரூபணத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கோணங்கள் மட்டும்தான், அதை வைத்து வடிவம் ஒன்று என்று சொல்லலாமே தவிர அளவு ஒன்று என்று சொல்ல முடியாது.

இருசமபக்க முக்கோணத்துக்கு வருவோம். கச = கட என்றால் ச-வும் ட-வும் சம கோணங்கள் என்று காட்ட வேண்டும். சாதாரணமாக க-விலிருந்து கீழே ஒரு கோடு வரைவார்கள். அது கோண இருசமவெட்டி என்றால் ப-கோ-ப. நடுக்கோடு (எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போவது) என்றால் ப-ப-ப. செங்குத்து என்றால் செ-க-ப. மூன்றும் சரியான விடையைத் தருகின்றன, மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. செ-க-ப-வை நிரூபிக்கும் வழக்கமான முறையில் இரண்டு செங்கோண முக்கோணங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு இருசமபக்க முக்கோணம் ஆக்கி, அதன் அடிக்கோணங்கள் சமம் என்பதைப் பயன்படுத்துவார்கள். ப-ப-ப-வின் வழக்கமான நிரூபணமும் இதே மாதிரி அடிக்கோணங்களைத்தான் நம்பியிருக்கிறது. அப்படியானால் அடிக்கோணங்கள் சமம் என்பதை செ-க-ப வைத்து நிரூபித்தால் நாம் ஒரு வட்டத்தில் சுற்றுகிறோம், இல்லையா? தேர்வில் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. ஆனாலும் எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வடிவியல் படிப்பதன் சுவையே.

பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர். சுமார் பொ.ஆ.மு. 300-இல் தொகுத்த எலிமெண்ட்ஸ் நூலின் முதல் பாகத்தில் 4-ஆவது கூற்று ப-கோ-ப, 5-ஆவது கூற்று இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள், 8-ஆவது ப-ப-ப, 26-ஆவதில்தான் கோ-ப-கோ-வும் கோ-கோ-ப-வும் வருகின்றன. கோணத்தை இரு சம கூறாக்கும் முறையே 9-ஆவது கூற்றில்தான் வருகிறது, அதற்கு ப-ப-ப வேண்டும், அதற்கு 5-ஆவது கூற்று வேண்டும். ஆகவே 5-ஆவதில் அவர் கோண இருசமவெட்டியைத் தொடவே முடியாது. அதனால்தான் சம பக்கங்களைக் கீழே நீட்டி, நீட்டிய பகுதிகளில் சம நீளங்களை எடுத்து, ப-கோ-ப-வை இரண்டு முறை பயன்படுத்தி, அத்தனை சுற்றிப் போகிறார். முதல் சர்வசமத்திலிருந்து ஒரு பக்கமும் ஒரு கோணமும் எடுத்து இரண்டாவதற்குக் கொடுக்கிறார், இரண்டாவதிலிருந்து விடை வருகிறது. மேலே இணைகரத்தில் பார்த்த அதே இரண்டு படி அமைப்பு.

நான்காம் நூற்றாண்டில் பாப்பஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞர் இந்த அடிக்கோணத் தேற்றத்துக்கு ஒரு நிரூபணம் கொடுத்தார், அதை முதலில் படித்தபோது அசந்துபோனேன். கோடு எதுவும் வரைய வேண்டாம். கசட என்ற முக்கோணத்தை கடச என்ற முக்கோணத்தோடு ஒப்பிடுங்கள். ஆமாம், இரண்டும் ஒரே முக்கோணம்தான், எழுத்துகளின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. கச = கட, க என்ற கோணம் தனக்குத்தானே சமம், கட = கச. ப-கோ-ப. ஆகவே கசட ≅ கடச. இரண்டாம் எழுத்துக்கு இரண்டாம் எழுத்து ஒத்தது, அதாவது ச-வின் கோணம் = ட-வின் கோணம். முடிந்தது. எழுத்து வரிசை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் யாருக்கும் இதை ஒரு முறை காட்டினால் போதும், இங்கே வரிசையைத் தவிர வேறு எதுவுமே வேலை செய்யவில்லை.

யூக்ளிட்டின் ப-கோ-ப நிரூபணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கிறார், வடிவம் மாறாமல் ஒன்றை நகர்த்தலாம் என்பதற்கு அவருடைய அடிப்படைக் கோட்பாடுகளில் இடமே இல்லை. 1899-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பெர்ட் வடிவியலின் அடித்தளங்களைப் புதிதாக எழுதியபோது ப-கோ-ப-வின் சாரத்தையே ஒரு அடிப்படைக் கோட்பாடாக வைத்துவிட்டு மற்றவற்றை அதிலிருந்து வருவித்தார். அது நேர்மையான வழி என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்றின் மேல் ஒன்று விழும் முக்கோணங்களுக்கு ஒரு உதாரணம் தராமல் நகர முடியாது, ஏனென்றால் அங்கேதான் நிறைய பேர் கைவிடுகிறார்கள். கச = கட. கச-வின் நடுப்புள்ளி த, கட-வின் நடுப்புள்ளி ப. சப-வும் டத-வும் சமம் எனக் காட்டுக. படத்தில் இரண்டு கோடுகளும் நடுவில் வெட்டிக்கொள்வதால் கண் அந்த வெட்டும் புள்ளியைச் சுற்றியே அலையும். சிறு முக்கோணங்களை விடுங்கள், பெரியவற்றைப் பாருங்கள். சப என்பது கபச-வின் பக்கம், டத என்பது கதட-வின் பக்கம். இரண்டையும் தனித்தனியாக ஓரமாக வரைந்துகொண்டால் எல்லாம் தெளிந்துவிடும்: கப = கத (சமமானவற்றில் பாதி), க பொதுக் கோணம், கச = கட. ப-கோ-ப, எனவே கபச ≅ கதட, ஆகவே சப = டத.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. தசட, படச என்ற ஜோடியை எடுத்தால் தச = பட, அடிக்கோணங்கள் சமம், சட பொது. இதுவும் ப-கோ-பதான், அடிக்கோணங்கள் சமம் என்ற தேற்றம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சிக்கனம் பார்த்தால் முதல் வழிதான் மேல். ஆனால் இரண்டாவது வழி நேராக இன்னொன்றையும் தருகிறது: தடச என்ற கோணம் பசட என்ற கோணத்துக்குச் சமம். இரு நடுக்கோடுகளும் வெட்டும் புள்ளி ம என்றால், மசட-வின் அடிக்கோணங்கள் இவைதான், எனவே மச = மட. கேள்வியில் அடுத்த பகுதி இருந்தால் எந்த வழியை எடுப்பது என்பது மாறிவிடும். முதலில் முழுக் கேள்வியையும் படியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கவராயம் வைத்துச் செய்யும் அமைப்பு முறைகள் எல்லாமே இந்த ஒற்றை வரியின் பயன்கள்தான். கோணத்தை இரு சமமாகப் பிரிக்க, முனையிலிருந்து ஒரு வில் வரைந்து இரு கரங்களையும் வெட்டுகிறோம், அந்த இரு புள்ளிகளிலிருந்தும் சம ஆரத்தில் இரண்டு விற்கள் வரைந்து அவை வெட்டும் புள்ளியை முனையோடு சேர்க்கிறோம். ஏன் அது சரியாகப் பாதியாகிறது? இரண்டு முக்கோணங்கள் ஒளிந்திருக்கின்றன, மூன்று பக்கங்களும் சமம், ப-ப-ப, ஒத்த கோணங்கள் சமம். நாம் கவராயத்தால் நீளங்களை மட்டும்தான் சமமாக்கினோம், கோணம் தானாகச் சமமாகிவிட்டது. கோண இருசமவெட்டியை வரையும் படிகளை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு இந்தக் காரணத்தை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

ஆறில் எந்த மூன்று இருந்தாலும் போதுமா என்றால், போதாது. மூன்று கோணங்கள் வடிவத்தை மட்டும் தரும். இன்னொன்று கொஞ்சம் ஏமாற்றும்: இரண்டு பக்கங்களும், அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும். எண்களோடு பார்ப்போம். கோணம் 30°, அதை ஒட்டிய பக்கம் 5 செ.மீ., கோணத்துக்கு எதிர்ப்பக்கம் 3 செ.மீ. 5 செ.மீ. பக்கத்தின் மறுமுனையிலிருந்து 3 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால் அது எதிர்க் கரத்தை இரண்டு இடங்களில் வெட்டும், ஏனென்றால் அந்தக் கரத்துக்குச் செங்குத்துத் தூரம் 2.5 செ.மீ.தான். மூன்றாவது பக்கம் ஒரு முக்கோணத்தில் சுமார் 5.99, மற்றொன்றில் சுமார் 2.67. கொடுத்த மூன்றும் சமம், ஆனால் முக்கோணங்கள் வேறு. அந்தக் கோணம் 90° ஆகும்போது இந்த இரட்டைத்தன்மை மறைந்துவிடுகிறது, வில் கரத்தை இருபுறமும் வெட்டினாலும் அவை ஒன்றுக்கொன்று பிம்பங்கள், ஆகவே சர்வசமம். செ-க-ப தனியாக நிற்பதன் காரணம் அதுதான்.

நேரில் அளக்க முடியாததை அளப்பதற்கும் இதே வரிதான். மிலேட்டஸைச் சேர்ந்த பழங்காலக் கிரேக்க அறிஞர் தேலீஸ் கடலில் உள்ள கப்பல்களின் தூரத்தைக் கண்டுபிடித்த முறைக்கு ஒரு பக்கமும் இரு கோணங்களும் பற்றிய தேற்றம் தேவைப்பட்டிருக்கும் என்று கணித வரலாறு எழுதிய யூடிமஸ் சொன்னதாக, யூக்ளிட்டின் நூலுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். இப்படிச் செய்யலாம்: கரையில் கப்பலுக்கு நேரே க-வில் நில்லுங்கள், கப்பல் ச. அந்தப் பார்வைக் கோட்டுக்குச் செங்கோணமாகக் கரையோரம் நடந்து ம-வில் ஒரு கம்பு நட்டு, அதே தூரம் மேலும் நடந்து ட-வுக்குப் போங்கள். அங்கிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி, மறுபடி செங்கோணமாக உள்நோக்கி நடந்து, கம்பும் கப்பலும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நில்லுங்கள், அது த. கசம ≅ டதம, கோ-ப-கோ. கச = டத. தண்ணீரில் இறங்காமல் தரையில் அந்த நீளத்தை அளந்துவிடலாம்.

இனி ஒரு எச்சரிக்கை, ஒவ்வொரு வரியும் சரியாகத் தோன்றும் ஒரு 'நிரூபணம்'. எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே! கசட-வில் க-வின் இருசமவெட்டியும் சட-வின் மையக்குத்துக்கோடும் (நடுப்புள்ளி வழியே போகும் செங்குத்துக்கோடு) ம-வில் சந்திக்கட்டும். ம-விலிருந்து கச-வுக்கு மத, கட-வுக்கு மப என்ற செங்குத்துகள். கதம ≅ கபம (கோ-கோ-ப), எனவே கத = கப, மத = மப. மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் மச = மட. செ-க-ப-வால் மதச ≅ மபட, எனவே தச = பட. கூட்டினால் கச = கட.

எந்தச் சர்வசமம் தவறு? எதுவும் தவறில்லை. ஒத்த பாகங்கள் எல்லாம் உண்மையிலேயே சமம்தான். கடைசியில் வரும் 'கூட்டினால்' என்பதில்தான் விஷம். சமமில்லாத பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில் ம எப்போதும் முக்கோணத்துக்கு வெளியேதான் விழும், சுற்றுவட்டத்தின் மேல். செங்குத்துகளின் அடிகளில் ஒன்று பக்கத்துக்குள்ளும் மற்றொன்று நீட்டிய பகுதியிலும் விழும். ஆகவே ஒரு பக்கத்துக்குக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் கழிக்க வேண்டும். கையால் அவசரமாக வரைந்த படத்தில் ம உள்ளே இருப்பது போல் போட்டுவிட்டால் இது தெரியாது. கவராயமும் அளவுகோலும் எடுத்து ஒழுங்காக வரைந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். சமமான நீளங்கள் கிடைத்த பிறகு அவற்றைக் கூட்டுவதா கழிப்பதா என்பதைச் சர்வசமம் சொல்லாது, அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

கடைசியாக, ஒரே மாதிரித் தோன்றும் மூன்று கேள்விகள். ச-விலிருந்து சப-வும் ட-விலிருந்து டத-வும் எதிர்ப்பக்கங்களுக்கு வரையப்படுகின்றன, இரண்டும் சமம். கச = கட எனக் காட்டுக.

அவை குத்துயரங்கள் என்றால் கேள்வி எளிது. சதட, டபச இரண்டும் செங்கோண முக்கோணங்கள், சட பொதுக் கர்ணம், டத = சப. செ-க-ப. ச, ட-வின் கோணங்கள் சமம், ஆகவே கச = கட.

நடுக்கோடுகள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவை வெட்டும் ம என்பது நடுக்கோட்டுச் சந்தி, ஒவ்வொன்றையும் 2:1 என்று பிரிக்கிறது. முழு நீளங்கள் சமம் என்பதால் மச = மட, மத = மப. குத்தெதிர்க் கோணங்கள் சமம். மதச ≅ மபட, தச = பட, இரட்டித்தால் கச = கட. இங்கே இரட்டிக்கலாம், ஏனென்றால் த-வும் ப-வும் நடுப்புள்ளிகள் என்று கொடுத்தே இருக்கிறது.

கோண இருசமவெட்டிகள் என்றால்? கபச, கதட-வில் ஒரு பக்கமும் அதற்கு எதிரான பொதுக் கோணம் க-வும் சமம், மூன்றாவது தகவல் கிடைக்காது. தசட, படச-வில் இரண்டு பக்கங்கள் சமம், கோணம் எதுவும் தெரியாது. எந்த ஜோடியை எடுத்தாலும் ஒரு கை குறைகிறது. இதைத் திருப்பிப் போட்டால், அதாவது கச = கட என்று கொடுத்து வெட்டிகள் சமம் எனக் காட்டச் சொன்னால், கோ-ப-கோ-வில் இரண்டு வரிதான். ஆனால் இந்தத் திசையில் 1840-இல் லெமஸ் என்பவர் ஸ்டர்முக்குக் கடிதம் எழுதி வடிவியல் முறையில் ஒரு நிரூபணம் கேட்டார், ஸ்டர்ம் மற்ற கணித அறிஞர்களிடம் கேட்டார், முதலில் நிரூபித்தவர்களில் ஸ்டைனர் ஒருவர். அதனால் இன்று ஸ்டைனர்–லெமஸ் தேற்றம் என்று பெயர். அதற்கு அப்புறம் எத்தனையோ நிரூபணங்கள் வந்துவிட்டன, அவற்றில் பல 'கச, கட சமமில்லை என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கி முரண்பாட்டில் போய் முடிபவை. குத்துயரத்தையும் நடுக்கோட்டையும் நீங்களே ஒரு தாளில் செய்து முடித்துவிட்டு இதற்கு வாருங்கள், எந்த மூன்றாவது தகவல் கிடைக்கவில்லை என்பது கையில் தட்டுப்படும்.